எபிசோடுக்கு எவ்வளவு?

‘அந்த சீரியல் நடிகருக்கு ஒரு நாள் சம்பளம் இத்தனை ஆயிரமாம்’ என்று யூடியூபில் வரும் கணக்குகளில் பெரும்பாலானவை ஊகம்தான். ஒப்பந்தத்தை யாரும் வெளியில் காட்டுவதில்லை. ஆனால் பணம் எந்த வழியாக வருகிறது, எப்போது நின்றுபோகிறது என்பது ரகசியமில்லை.

திருவண்ணாமலைக்காரர்களுக்குத் தெரிந்த முகம் பவா செல்லதுரை. மின்வாரிய வேலையில் இருந்துகொண்டே சிறுகதை எழுதியவர். பிறகு கதைசொல்லியாகக் கடல் கடந்த தமிழர்கள் வரை போய்ச் சேர்ந்தார். ‘ஜோக்கர்’, ‘பேரன்பு’ படங்களில் நடித்தார். 2023 அக்டோபரில் பிக்பாஸ் ஏழாவது சீசனுக்குள் போனவர், சில நாட்களிலேயே தானாக வெளியே வந்துவிட்டார். மாதச் சம்பளம், புத்தகம், மேடை, சினிமா, டிவி என்று வாய்க்கால்கள் பல. இப்படிப்பட்டவர்களின் வருமானத்தை டிவியை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் தப்பாகத்தான் வரும்.

புத்தகத்தில் வருவது சொற்பம். ராயல்டி வழக்கமாக விலையில் பத்து சதவீதம். 300 ரூபாய் புத்தகம் ஆயிரம் பிரதி விற்றால் எழுதியவருக்கு 30,000 ரூபாய். அந்த ஆயிரம் விற்க இரண்டு மூன்று வருடம் ஆனாலும் தமிழில் ஆச்சரியமில்லை.

சீரியலில் நடிகருக்கு நாள் கணக்கு. காலையில் மேக்கப் போட்டு உட்கார்ந்தால் ராத்திரி வரை அந்த ஒரு நாள் சம்பளம்தான், ஒரு சீன் எடுத்தாலும் ஏழு சீன் எடுத்தாலும். மாதத்தில் எத்தனை நாள் கால்ஷீட் என்பதைக் கதைதான் தீர்மானிக்கும். கேரக்டரை வெளியூருக்கு அனுப்பிவிட்டால் வருமானமும் வெளியூர் போய்விடும். ஷூட்டிங் பெரும்பாலும் சென்னையில். திருவண்ணாமலையிலிருந்து கிட்டத்தட்ட 200 கிலோமீட்டர். பௌர்ணமி அன்று கிரிவலக் கூட்டத்தில் பஸ்ஸில் இடம் கிடைக்காது. அறை வாடகை கொடுத்துத் தங்கினால் சின்ன வேஷக்காரர் கையில் மிஞ்சுவது கொஞ்சம்தான்.

எழுதுபவருக்குப் பெரும்பாலும் எபிசோடு கணக்கு. அரை மணி நேர சீரியலில் விளம்பரம் போக இருபத்திரண்டு நிமிடம் வசனம் வேண்டும், அதுவும் வாரத்தில் ஐந்தாறு நாள். நடிகை லீவு போட்டால் சீனை மாற்றி எழுதித் தர வேண்டியதும் அவர் தலையில்தான். கதை, திரைக்கதை, வசனம் மூன்றுக்கும் மூன்று பேர் இருந்தால் பணமும் பிரியும். அதனால்தான் எழுதுகிறவர் நடிக்கவும் செய்வது லாபம். சன் டிவியில் 2003 முதல் 2009 வரை ஓடிய ‘கோலங்கள்’ சீரியலை இயக்கிய திருச்செல்வம், அதிலேயே தொல்காப்பியனாக நடித்தார். 1,500 எபிசோடுகளுக்கு மேல் ஓடியது அது. அப்படி ஓடுகிற சீரியல் கிடைப்பது அபூர்வம்.

திருச்செல்வத்தின் ‘எதிர்நீச்சல்’ சீரியலில் ஆதி குணசேகரனாக நடித்த மாரிமுத்து 2023 செப்டம்பரில் காலமானார். அந்த வேஷத்துக்கு எழுத்தாளர் வேல ராமமூர்த்தி வந்தார். நடிகர் எவ்வளவு புகழ் பெற்றாலும் பாத்திரம் அவருக்குச் சொந்தமில்லை.

சீரியல் முடிந்தபின், மறுஒளிபரப்புக்கும் ஓடிடிக்கும் காசு வருமா? 2012-ல் திருத்தப்பட்ட காப்புரிமைச் சட்டம் எழுதுகிறவர், நடிக்கிறவர் இருவருக்கும் ராயல்டி உரிமை தந்திருக்கிறது. எழுதுகிறவர் விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போட்டாலும் அது செல்லாது. ஆனால் பாட்டுக்கு வசூலாவதுபோல வசனத்துக்கும் நடிப்புக்கும் வசூலாவதில்லை. சட்டம் ஏட்டில் இருக்கிறது என்பதுதான் நிஜம்.

வருகிற சம்பளத்திலும் பத்து சதவீதம் டிடிஎஸ் பிடிப்பார்கள். கணக்குத் தாக்கல் செய்தால், கட்ட வேண்டிய வரி போக மீதி திரும்பி வரும். பலர் அதை விட்டுவிடுகிறார்கள்.

சென்னைக்குக் கிளம்ப நினைக்கும் திருவண்ணாமலைத் தம்பி தங்கைகளே, மூன்று விஷயங்களைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்: மாதத்துக்குக் குறைந்தபட்சம் எத்தனை நாள், பணம் எத்தனை நாளில், டைட்டிலில் பெயர் எப்படி. கையில் இருக்கிற வேலையை மட்டும் முதல் சீரியலுக்காக விட்டுவிடாதீர்கள்.