சக்தி கைமாறும் தூரம்

இலையிலுள்ள பச்சைய மூலக்கூறுகள் நூற்றுக்கணக்கில் கூடி ஒளியைப் பற்றுகின்றன. பற்றிய சக்தியை ஒன்றிலிருந்து ஒன்றுக்கு அளித்து, வேதிவினை நிகழும் மையத்திற் சேர்க்கின்றன. இதனைச் சோதனைச்சாலையில் அமைத்துக் காண்பது எளிதன்று.

ஒளியை உட்கவர்ந்த மூலக்கூறு, அதனை வேறு நிறத்தில் வெளிவிடுதல் ஒளிர்தல் எனப்படும். தகுந்த மற்றொரு மூலக்கூறு அருகில் இருப்பின், முதலாவது ஒளிராமலே தன் சக்தியை அதற்கு ஈந்துவிடும். ஈவது வழங்கி, பெறுவது ஏற்பி. வழங்கி வெளிவிடும் ஒளியின் நிறமாலையும், ஏற்பி உட்கவரும் ஒளியின் நிறமாலையும் ஓரளவேனும் ஒன்றன்மேல் ஒன்று படிதல் வேண்டும்.

ஜெர்மானிய விஞ்ஞானி ஃபோர்ஸ்டர் 1948-ல் இதற்குக் கணிதம் வகுத்தார். கைமாறும் வேகம் தூரத்தின் ஆறாம் படிக்குத் தலைகீழ் விகிதத்தில் அமையும். 5 நானோமீட்டர் தூரத்தில் சக்தியில் பாதி கைமாறுவதாகக் கொள்வோம். தூரம் 10 நானோமீட்டரானால் 65-ல் 1 பங்கே கைமாறும், 2.5 ஆகக் குறைந்தால் 65-ல் 64 பங்கு கைமாறும்.

ஆகவே, நீரிற் சிதறும் மூலக்கூறுகளை நெருங்கி நிற்கச் செய்வதே தலையாய பணியாகும். பெங்களூரு ஜக்கூரில் உள்ள ஜவாஹர்லால் நேரு உயர் அறிவியல் ஆராய்ச்சி மையம் 1989-ல் நிறுவப்பட்டது. அங்கு சுபி ஜார்ஜ், ஈஸ்வரமூர்த்தி ஆகியோரின் குழுவினர் 2011-ல் வெளியிட்ட ஆய்வில், செயற்கைக் களிமண் இப்பணிக்கு உதவியது. அமீன் தொகுதிகள் கொண்ட அக்களிமண்ணின் தகடுகள் நீரில் நேர்மின்னேற்றம் பெறும். எதிர்மின்னேற்றமுடைய கொரோனீன் உப்பு அவற்றுடன் கூடிக் கூழ்மமாகி வழங்கியாக நின்றது. உடன் சேர்த்த சாயம் ஏற்பியாயிற்று. மூலக்கூறுகளை வலிந்து வேதிப்பிணைப்பால் இணைக்க வேண்டியிராதது இம்முறையின் சிறப்பு.

ஏற்பியின் நிறம் தோன்றியதும் சக்தி கைமாறிற்று என முடிவு கட்டலாமா? ஆகாது. ஏற்பி விளக்கொளியை நேரே பற்றியிருக்கலாம். அல்லது வழங்கி உமிழ்ந்த ஒளியையே விழுங்கியிருக்கலாம். முன்னதை அறிய, ஏற்பியைத் தனியே வைத்து அதே ஒளியால் சோதிப்பர். பின்னதை வழங்கியின் ஒளிர்வுக்காலம் காட்டிக்கொடுக்கும். பல சாயங்களில் அக்காலம் வினாடியின் நூறு கோடியில் சில பங்கேயாம். உண்மையாகவே சக்தி கைமாறின் அது குறையும். உமிழ்ந்த ஒளி விழுங்கப்படுவதால் மட்டும் அது குறைவதில்லை.

கண்ணுக்குத் தெரியும் நிறம் ஐயத்திற்கிடமானது. கருவி அளக்கும் காலமே சான்று. மாணவர்க்கு இப்பொருளைக் கற்பிப்போர் இவ்வேறுபாட்டை முதலில் விளக்குதல் நலம்.