வாக்குரிமைக்குப் பின்னால் வந்த பள்ளிக்கூடம்

இலங்கையில் 1945இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. மழலை வகுப்பிலிருந்து பல்கலைக்கழகம் வரை கட்டணம் கிடையாது. கல்வி அமைச்சராக இருந்த கன்னங்கராவின் பெயரை அந்நாட்டு மக்கள் இன்றும் நன்றியோடு சொல்வார்கள். கிராமத்து ஏழை வீடுகளிலிருந்து டாக்டர்களும் பேராசிரியர்களும் புறப்பட்டு வந்தது அதனால்தான். தேயிலை பறித்து நாட்டுக்கே வருமானம் தேடித் தந்த மலையகத் தமிழரின் பிள்ளைகள் மட்டும் அந்த வாசலுக்கு வெளியே நின்றார்கள்.

தோட்டத்துப் பள்ளிக்கூடம் துரையின், அதாவது தோட்ட நிர்வாகியின் பொறுப்பு. 6 முதல் 10 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குத் தாய்மொழியில் கல்வி தர வேண்டும் என்று 1907ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னது. பல இடங்களில் ஒரே அறை, ஒரே வாத்தியார். எல்லா வகுப்பும் அங்கேதான். அந்தப் படிப்பு முடிந்ததும் கையில் கொழுந்துக் கூடை. வேலைக்கு ஆள் வேண்டியவரிடமே அந்த ஆளின் பிள்ளையைப் படிக்கவைக்கச் சொன்னால் வேறென்ன நடக்கும்?

கேட்பதற்கும் ஆளில்லாமல் போனது. 1947 தேர்தலில் மலையகத் தமிழரின் கட்சியான இலங்கை இந்தியக் காங்கிரஸ் 7 இடங்களில் வென்றது. மடக்கும்புரைத் தோட்டத்தில் பிறந்த எழுத்தாளர் சி.வி. வேலுப்பிள்ளையும் வென்றவர்களில் ஒருவர். மறு ஆண்டே மலையகத் தமிழரில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கிய குடியுரிமைச் சட்டம் வந்தது. அதைத் தொடர்ந்து வாக்கும் பறிபோனது. 1952 தேர்தலில் அக்கட்சிக்கு ஓர் இடம்கூட இல்லை. 1960, 61இல் உதவி பெறும் பள்ளிகளை அரசு ஏற்றபோதும் தோட்டப் பள்ளிகளைத் தொடவில்லை.

எழுபதுகளில் தோட்டங்கள் அரசுடைமையான பிறகுதான் பள்ளிகள் படிப்படியாக அரசின் கைக்கு வந்தன. 1977இல் மலையகத் தலைவர் சௌமியமூர்த்தி தொண்டமான் நாடாளுமன்றம் சென்று, அடுத்த ஆண்டு அமைச்சரானார். அதன்பின் பள்ளிகளை ஏற்கும் வேலை வேகம் பிடித்தது. வாக்குச் சீட்டுக்கும் கரும்பலகைக்கும் இவ்வளவு நெருங்கிய உறவு.

கட்டணம் இல்லை என்பதால் தடையும் இல்லை என்று நினைத்துவிட முடியாது. தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக் காம்பரா, அதாவது வரிசை வீட்டு அறை, ஏறக்குறைய பத்தடிக்குப் பன்னிரண்டடி. அதிலேயே அடுப்பு, அதிலேயே படுக்கை, அதிலேயே வீட்டுப்பாடம். விடிந்ததும் அம்மா பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆளெடுக்கும் இடத்துக்குப் போய்விட்டால் தம்பியைப் பார்த்துக்கொள்வது மூத்த பெண்ணின் வேலையாகிவிடுகிறது. பள்ளிக்கு வராத நாளாக அது பதிவாகிறது.

உயர்தர வகுப்பில் கணிதமோ அறிவியலோ படிக்க நல்ல பள்ளி வேண்டுமென்றால் ஹட்டன் ஹைலண்ட்ஸ் கல்லூரி போன்ற சிலவற்றைத்தான் நாட வேண்டும். தொலைவில் இருப்பவர்களுக்கு பஸ் செலவு, அல்லது நகரத்தில் தங்கும் செலவு. 1,000 ரூபாய் நாட்கூலியே நீண்ட போராட்டத்துக்குப் பிறகு 2021இல்தான் கிடைத்தது.

மலையகத்துக்குக் கணித, அறிவியல் ஆசிரியர்களை அனுப்ப வேண்டும். அவர்கள் அங்கேயே தங்க வீடும் கொடுக்க வேண்டும். 1945இல் நாடு தன் பிள்ளைகளுக்குக் கொடுத்த வாக்கில் தோட்டத்துப் பிள்ளைகளின் பங்கு இன்னும் பாக்கி இருக்கிறது.