இடது காலுக்கு இனி வேலையில்லை

ராணிப்பேட்டை மாவட்டத்துக்கு மின்வண்டி புதிதல்ல. 2021-இலேயே ராணிப்பேட்டையில் ஆம்பியர் மின்ஸ்கூட்டர் ஆலை வந்துவிட்டது. இருந்தாலும், வருஷக்கணக்காகக் கியர் போட்டு ஓட்டிய காவேரிப்பாக்கத்துக்காரரை மின்காரில் உட்காரவைத்தால் முதலில் கேட்பது, "வழியில சார்ஜ் தீர்ந்துட்டா என்ன பண்றது?" அதற்குப் பிறகு வருவோம். முதலில் கால்களைப் பழக்க வேண்டும்.

மின்காரில் கிளட்ச் கிடையாது. ஆனால் பழக்கதோஷம் விடாது. இடது கால் கிளட்சைத் தேடிப்போய் பிரேக்கை ஓங்கி மிதித்துவிடும்; வண்டி நட்டநடு ரோட்டில் நிற்கும். அந்தக் காலை ஓரமாக வைத்துவிட்டு மறந்துவிடுங்கள்.

வலது காலுக்குத்தான் பெரிய பாடம். பெட்ரோல் இன்ஜின் சுழற்சி ஏற ஏறத்தான் பலம் காட்டும். மின்மோட்டாரோ நின்ற இடத்திலேயே முழு இழுவையைத் தரும். அதனால் ஆக்சிலரேட்டரை மெல்லத் தொட வேண்டும். ஆரம்பத்தில், வண்டி மென்மையாக இழுக்கும் ஈகோ மோடு போதும். காலை எடுத்தால் இன்னொரு அதிர்ச்சி: யாரோ பிரேக் போட்டதுபோல வண்டி தானாக மட்டுப்படும். சக்கரங்கள் மோட்டாரைச் சுற்ற, மோட்டார் ஜெனரேட்டராக மாறி மின்சாரத்தைப் பேட்டரிக்கு அனுப்புகிறது. ஓட்டத்தின் வேகம் அப்படி மின்சாரமாக மாறுவதால்தான் வண்டி மெதுவாகிறது. பல கார்களில் இந்தப் பிடிப்பைக் கூட்டலாம், குறைக்கலாம். குறைந்த அளவில் தொடங்கினால் பின்சீட்டில் இருப்பவர்களுக்கும் தலை ஆடாது.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. இரவெல்லாம் சார்ஜ் ஏற்றி நூறு சதவீதம் நிரம்பிய பேட்டரி மேலும் மின்சாரத்தை வாங்காது. அப்படிக் கிளம்பும் காலையில் பல வண்டிகளில் காலை எடுத்தாலும் நேற்றைய பிடிப்பு இருக்காது. எப்போதும் பிரேக்கை நம்புங்கள்.

சத்தம் இல்லாததும் ஆபத்துதான். திரையில் 'ரெடி' என்று காட்டினால் வண்டி உயிரோடு இருக்கிறது என்று பொருள். பார்க்கிங் போடாமல், அணைக்காமல் இறங்கிவிடாதீர்கள். முதல் சில நாட்கள் லாரிகள் விரையும் பெங்களூரு நெடுஞ்சாலையை விட்டுவிட்டு, காவேரிப்பாக்கம் ஏரியைச் சுற்றியுள்ள ஊர்ச்சாலைகளில் ஓட்டலாம். ஆட்டுமந்தை வந்தால் ஹாரன் அடித்தே ஆகவேண்டும். அவற்றுக்கும் இந்த வண்டி புதுசு.

இனி சார்ஜ் கேள்வி. 2020-இல் வந்த முதல் நெக்ஸான் மின்காரின் பேட்டரியில் சுமார் 30 யூனிட் நிற்கும்; வீட்டு மின்கட்டண அட்டையில் வரும் அதே யூனிட். சோதனைக்கூடக் கணக்கில் அது 312 கிலோமீட்டர் ஓடும் என்றார்கள். நம் ரோட்டில் அவ்வளவு கிடைக்காது. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தோடு ஏறுவதால், 80-இல் போகிறவர் 100-க்குப் போனால் அந்த எதிர்ப்பு ஏறத்தாழ ஒன்றரை மடங்காகிவிடும். சென்னைக்குச் சுமார் நூறு கிலோமீட்டர். போய்த் திரும்புகிறவர் கவலைப்பட வேண்டியது அந்த வேக முள்ளைப் பற்றித்தான். வழியில் வேகச் சார்ஜரில் போட்டால் எண்பது சதவீதத்தில் கிளம்பிவிடுவது உத்தமம். மிச்ச இருபது மெதுவாகத்தான் ஏறும், பின்னால் ஆள் காத்திருப்பார்.