முகம் தேய்ந்து போகாமல்...

அவியலைப் பற்றி நம் சகோதரிகளுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. காய் வெந்து, அரைப்பும் சேர்ந்து, பச்சைத் தேங்காய் எண்ணெயும் கறிவேப்பிலையும் போட்டாயிற்று என்றால் கரண்டியை வைத்துவிட வேண்டும். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று கிண்டினால் சேனையும் வாழைக்காயும் கூழாகி, எது எந்தக் காய் என்றே தெரியாது. நீர்வண்ணத்தில் மனித முகம் தீட்டுவதும் அச்சாக இப்படித்தான். அதிலும் இப்போது நம் பெண்பிள்ளைகள் டேப்லெட்டில் பேனா கொண்டு தீட்டுகிறார்களே, அதில் கிண்டும் ஆசை இரண்டு பங்கு!

காகிதத்தில் தீட்டுவதை முதலில் பாருங்கள். நீர்வண்ணத்தில் வெளிச்சம் என்பது காகிதத்தின் வெண்மைதான். வண்ணம் மெல்லிய திரை மாதிரி. வெளிச்சம் அதன் வழியாகப் போய்க் காகிதத்தில் பட்டுத் திரும்பி வருவதால்தான் கன்னத்தில் உயிர் தெரிகிறது. ஈரத்தில் திரும்பத் திரும்பத் தேய்த்தால் காகிதத்தின் மேல்பூச்சு போய், நார் எழும்பி, வண்ணங்கள் ஒன்றோடொன்று குழம்பிச் சேற்று நிறமாகிவிடும். அப்போது காகிதமே, "போதும், விட்டுரு" என்று சொல்லிவிடும்.

டேப்லெட் அப்படிச் சொல்லாது. அங்கே நார் எழும்பாது, காகிதம் கிழியாது. புரோகிரியேட் என்ற செயலியில் இரண்டு விரலால் தட்டினால் கடைசியாகப் போட்ட தீற்று மறைந்துவிடும். இப்படி 250 தீற்றுகள் வரை பின்னால் போகலாம். காசில்லாமல் கிடைக்கும் கிரிட்டாவிலும் இந்த வசதி உண்டு. போதாததற்குப் படத்தை விரலால் விரித்து, இமை மயிரை ஒவ்வொன்றாக எண்ணி வரையலாம். பெற்ற தாய்கூடப் பிள்ளையின் முகத்தை அவ்வளவு கிட்டத்தில் பார்த்திருக்க மாட்டாள்!

எங்கள் பக்கத்துத் தெருவில் ஒரு பெண், இறந்துபோன தன் பாட்டியைப் பதினாறு அடியந்திரத்துக்குள் தீட்டி முடிக்க வேண்டும் என்று உட்கார்ந்தாள். முதல் நாள் முக்கால் மணி நேரத்தில் முகம் வந்துவிட்டது. வெற்றிலை போட்டுச் சிவந்த உதடு, பாம்படம் போட்டுத் தொங்கிப்போன காது, நெற்றிச் சுருக்கம் எல்லாம் அப்படியே. அதோடு விட்டாளா? மூன்று ராத்திரி கண்விழித்துத் தடவித் தடவி மெருகேற்றினாள். சுருக்கம் கரைந்து, தோல் பீங்கான் பொம்மை மாதிரி வழவழத்துவிட்டது. பாட்டியின் தங்கை வந்து பார்த்துவிட்டு, "இது ஆரு மக்கா?" என்று கேட்டாளே பார்க்கலாம்! நல்ல காலம், முதல் நாள் படத்தைத் தனிப் பிரதியாக வைத்திருந்தாள். அதைத்தான் சட்டம் போட்டு மாட்டினார்கள். அந்தக் கிழவி அதன் முன் வெகுநேரம் நின்றாள்.

கையை எங்கே நிறுத்துவது என்பது நம் மண்ணுக்குப் புதிதல்ல. தக்கலை பக்கம் பத்மநாபபுரம் அரண்மனை உப்பரிகை மாளிகையில் 18-ஆம் நூற்றாண்டுச் சுவர்ச் சித்திரங்கள் இருக்கின்றன. அந்த மரபில் வெள்ளைக்குத் தனி வண்ணம் கிடையாது. சுண்ணாம்புச் சுவரையே பூசாமல் விட்டுவிடுவார்கள். விட்ட இடமும் சித்திரம்தான்.

அந்தக் காலத்தில் நம் நாஞ்சில் நாடு சேர்ந்திருந்த திருவிதாங்கூரில் பிறந்த ரவி வர்மா (1848-1906) கூட, அரண்மனை ஓவியர் ராமசாமி நாயக்கரிடம் முதலில் நீர்வண்ணம் பழகிவிட்டுத்தான் எண்ணெய் வண்ணத்துக்குப் போனார். எண்ணெய் வண்ணம் பொறுமைசாலி. பிடிக்காததை மேலே பூசி மறைக்கலாம், நாலு நாள் கழித்துத் திருத்தலாம். நீர்வண்ணத்துக்கு அந்தப் பொறுமை கிடையாது. டேப்லெட்டில் வருவது இருக்கிறதே, அதற்கு வேஷம் நீர்வண்ணம், குணம் எண்ணெய்! கோளாறு அங்கேதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆகையால், செயலி போடாத கட்டுப்பாட்டை நாமே போட்டுக்கொள்ள வேண்டும். மகளுடைய டேப்லெட்டில் தீட்டிப் பழகும் நான் செய்வதைச் சொல்கிறேன். பெரிய தூரிகையாக எடுத்துக்கொண்டு, முழு முகமும் திரையில் தெரியும்படி வைத்தே தீட்டுங்கள். அடுக்குகள் மூன்று, மிஞ்சினால் நான்கு போதும். கண், மூக்கின் அடி, உதட்டு ஓரம் இந்த மூன்றுக்கும் நேரம் கொடுங்கள். தலைமுடியும் தோளும் புடவையும் பாதியிலேயே கரைந்து போகட்டும். பார்க்கிறவர் கண் மீதியை நிரப்பிக்கொள்ளும்.

வண்ணம் காய்ந்த ஓரத்தில் கருக்காக ஒரு கோடு விழுகிறதே, அதைக் குழைக்கும் கருவியால் தேய்க்கவே கூடாது. நீர்வண்ணம் என்பதற்கு அதுதான் அடையாளம். அது போனால் பிளாஸ்டிக்தான். அரை மணிக்கொரு பிரதி எடுத்து வையுங்கள். சந்தேகம் வந்தால் படத்தைத் தபால் தலை அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். அந்த அளவிலேயே ஆள் இன்னார் என்று தெரிந்துவிட்டால் பேனாவை மூடி வைக்கலாம்.

உடம்பையும் கவனிக்க வேண்டும். ராத்திரி விளக்கை அணைத்துவிட்டுத் திரையில் குனிந்தே இருந்தால் கண் எரிச்சல், கழுத்து வலி, மணிக்கட்டுக் குடைச்சல் எல்லாம் வரிசையாக வரும். 20 நிமிஷத்துக்கு ஒருமுறை தலையை நிமிர்த்தி, 20 அடிக்கு அப்பால் இருக்கும் எதையாவது 20 வினாடி பார்க்கச் சொல்கிறார்கள் கண் மருத்துவர்கள். எங்கள் வீட்டில் அதற்குக் கொல்லைத் தென்னை இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது, படத்தில் இன்னும் வேலை இருக்கிறதா இல்லையா என்பது கண்ணுக்கே பளிச்சென்று தெரிந்துவிடுகிறது.