அமர்தல் எனும் கல்வி

சேர்வராயன் மலையில் ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் உள்ள ஏற்காட்டுக்கும், காப்பித் தோட்டங்களும் மிளகுக் கொடிகளும் சூழ்ந்த மஞ்சக்குட்டை போன்ற சிற்றூர்களுக்கும் வார இறுதியில் நகரவாசிகள் பலரை ஏறிவரச் செய்வது, மன அழுத்தத்திலிருந்து சற்றே விடுபடும் விருப்பம்தான். குளிர்ந்த காற்று உடலுக்கு இளைப்பாறுதல் தருகிறது என்பது உண்மையே. ஆயினும் இடம் மாறியதால் கிடைத்த அமைதி, மலையிறங்கியதும் நீங்கிவிடுவதால், எவ்விடத்திலும் தன் மனத்தைக் கவனிக்கும் திறனைத் தனியே கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. மைண்ட்ஃபுல்னஸ் என்று இன்று அறியப்படும் மனக்கவனப் பயிற்சி, அதாவது அந்தந்தக் கணத்தில் உடலிலும் உள்ளத்திலும் தோன்றுவதை நல்லது, கெட்டது என்று தீர்ப்பிடாமல் உற்றுநோக்கும் பழக்கம், அத்திறனையே வளர்க்க முயல்கிறது.

இக்கல்வி தமிழக மலையொன்றில் முறையாக நடைபெறுவதற்கு, கொடைக்கானலை அடுத்த பெருமாள்மலையில் உள்ள போதி ஜென்டோ என்னும் தியான மையம் சிறந்த சான்றாகும். பர்மாவில் 1936இல் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்து, இயேசு சபைத் துறவியான ஆமா சாமி, ஜப்பானில் யமாதா கோவுன் என்ற ஜென் பௌத்த ஆசானிடம் பயின்று, கற்பிக்கும் உரிமை பெற்று, 1996இல் இம்மையத்தை நிறுவினார். காஞ்சியிலும் நாகப்பட்டினத்திலும் ஒருகாலத்தில் பௌத்தம் தழைத்திருந்த மண்ணுக்கு, அதன் தியான மரபைக் கிறித்தவத் துறவி ஒருவர் கொண்டுவந்து சேர்த்தது போற்றத்தக்க நிகழ்வு.

ஜாஜென் எனப்படும் அமர்தியானத்தில் முதுகை நிமிர்த்தி, கண்களை முழுதும் மூடாமல் பார்வையைத் தாழ்த்தி, தொடக்கநிலையினர் மூச்சுகளை 1 முதல் 10 வரை எண்ணுவர்; எண்ணிக்கை தவறியது தெரிந்ததும் மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்குவர். மனம் சிதறுவதைத் தோல்வியென்று கருதிப் பலர் சில நாள்களிலேயே பயிற்சியைக் கைவிடுகின்றனர். உண்மையில், சிதறியதை உணர்ந்து திரும்பும் அச்செயலே பயிற்சி என்பதால், இதை எடுத்துச் சொல்ல ஓர் ஆசான் தேவைப்படுகிறார். அமர்வுகளுக்கு இடையே கின்ஹின் என்னும் மெல்நடைத் தியானமும், சாமு என்னும் உடலுழைப்பும் ஜென் மரபில் இடம்பெறுகின்றன. தரை பெருக்குவதும் காய் நறுக்குவதும் தியானமாகவே கொள்ளப்படுவதுதான் இம்மரபின் உயிர்நாடி எனலாம். கைவேலையில் கவனத்தை நிறுத்தப் பழகியவருக்கு, நெரிசல்மிக்க பேருந்திலும் அலுவலக மேசையிலும் அது கைகொடுக்கும்.

ஜென், விபாசனா ஆகிய பௌத்தத் தியான மரபுகளிலிருந்து சமயச் சடங்குகளை நீக்கி, நாள்பட்ட வலியால் துன்புற்றோருக்கென 8 வாரப் பாடத்திட்டமாக மனக்கவனப் பயிற்சியை 1979இல் வடிவமைத்தவர், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியின் ஜான் கபாட்-ஜின் ஆவார். அழுத்தத்தின்போது இதயத்துடிப்பு விரைவதும் கார்டிசால் என்னும் இயக்குநீர் மிகுதியாகச் சுரப்பதும் உடலின் இயல்பான தற்காப்பே. ஆனால் நெருக்கடி தீர்ந்த பின்னும் கவலையை மனம் அசைபோட்டுக்கொண்டே இருந்தால் அந்நிலை நீடித்து, உறக்கமும் உடல்நலமும் கெடுகின்றன. அசைபோடுதலை அது தொடங்கும்போதே கண்டுகொள்வதற்கு இப்பயிற்சி உதவுகிறது.

எனினும் இது மருத்துவத்துக்கு மாற்றன்று. கடும் மனச்சோர்வு உடையோரும், பேரதிர்ச்சியின் நினைவுகளால் அலைக்கழிக்கப்படுவோரும் நெடுநேர மௌன அமர்வுகளால் மேலும் கலங்கக்கூடுமாதலால், முதலில் மனநல மருத்துவரை அணுகுவதே முறை. மருத்துவமனை தொலைவில் உள்ள ஊர்களில் வாழ்வோர், 14416 என்ற கட்டணமில்லா எண்ணில், அரசின் டெலி மானஸ் சேவை வழியாகத் தமிழிலேயே ஆலோசனை பெறலாம்.