லெ காரேயின் குழூஉக்குறிகள்: உளவு நாவலும் மொழிபெயர்ப்பும்

உளவு நாவல்களைப் பொழுதுபோக்கு எழுத்து என ஒதுக்கிவிடும் வழக்கம் நம் திறனாய்வாளரிடையே உண்டு. கதைப்பின்னலை மட்டும் நோக்கின் இவ்வழக்கம் ஓரளவு பொருந்தும். ஆனால் ஜான் லெ காரே என்னும் புனைபெயரில் எழுதிய டேவிட் கார்ன்வெல்லின் (1931–2020) நாவல்களை மொழிநிலையில் அணுகுவோர் வேறொரு முடிவுக்கு வருவர். இவர் ஜெர்மன் மொழி பயின்றவர். ஈட்டன் பள்ளியில் அதனைக் கற்பித்தவர். பிரிட்டனின் உள்நாட்டு, வெளிநாட்டு உளவுத் துறைகள் இரண்டிலும் பணியாற்றியவர். 1963ஆம் ஆண்டு வெளிவந்த மூன்றாம் நாவல் உலகப்புகழ் ஈட்டித் தந்தது. அடுத்த ஆண்டே அரசுப்பணியினின்றும் விலகினார். 1974இல் வெளிவந்த 'டிங்கர் டெய்லர் சோல்ஜர் ஸ்பை' என்னும் நாவலே இங்கு ஆராயப்படுகிறது.

ஒரு குழுவினர் ஒரு பொருளை அதற்குரிய சொல்லை நீக்கி வேறொரு சொல்லாற் குறிப்பதைக் குழூஉக்குறி என நன்னூல் வகைப்படுத்தும். பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பது உரையாசிரியர் காட்டும் எடுத்துக்காட்டு. லெ காரேயின் உளவாளிகள் பேசுவதும் இத்தகைய மொழியே. இவற்றுள் பெரும்பாலானவை புதிதாகப் படைத்த சொற்கள் அல்ல; அன்றாடச் சொற்களே பொருள் மாறி நிற்கின்றன. விளக்கேற்றுவோர் என்றால் கண்காணிப்பு, மறைவிடம், தூது முதலிய துணைப்பணிகளைச் செய்வோர். குழந்தை பார்த்துக்கொள்வோர் என்றால் மெய்க்காவலர். மேலதிகாரிகளின் செயலாளர்களாகிய பெண்கள் 'அன்னையர்'. பயிற்சிக்கூடம் 'மழலையர் கூடம்'. ஆள்கடத்தலும் அச்சுறுத்தலும் நிகழும் துறைக்கு ஆங்கில மேட்டுக்குடிச் சிறுவனின் வீட்டுச்சொற்கள் போர்த்தப்பட்டுள்ளன. நாவலின் அறச்சிக்கல் இச்சொற்களிலேயே பொதிந்துள்ளது: வளராத சிறுவர்கள் ஒரு பேரரசின் எச்சத்தைக் காத்து நிற்கின்றனர். இவை யாவற்றையும் 'உளவுப் பிரிவினர்', 'ஒற்றர்' என ஒரே சொல்லில் அடக்கும் பெயர்ப்பு, கதையைத் தந்து நாவலை விட்டுவிடும்.

தலைமையகத்தின் பெயரான 'சர்க்கஸ்' நம்மை வேறுவகையில் இடர்ப்படுத்துகிறது. அது இலண்டனில் கேம்பிரிட்ஜ் சர்க்கஸ் என்னும் சாலைச் சந்திப்பில் அமைந்ததால் வந்த பெயர். வித்தைக் கூடாரப் பொருளும் உடன் ஒலிக்கிறது. தமிழில் 'சர்க்கஸ்' என்னும் கடன்சொல் இரண்டாம் பொருளை மட்டுமே ஏற்றுள்ளது. எனவே ஒலிபெயர்ப்பு அங்கதத்தை மிகுவித்து இடப்பொருளை மறைக்கும். முதல் வருகையில் சந்திப்பின் முழுப்பெயரையும் கூறிவிட்டால் போதும், அடிக்குறிப்பு வேண்டியதில்லை.

பகைநாட்டுக்காக நிறுவனத்தினுள்ளேயே நெடுங்காலம் பதுங்கியிருப்பவனைக் குறிக்கும் 'மோல்' என்ற சொல்லே இந்நாவலால் பெரிதும் பரவியது. இது சோவியத் உளவுத்துறை வழக்கு என்பார் லெ காரே. எனினும் 1622இல் பிரான்சிஸ் பேக்கன் ஏழாம் ஹென்றியின் வரலாற்றில் ஒற்றர்க்கு இவ்விலங்கின் பெயரை ஆண்டுள்ளார். தமிழ் இதழ்களில் பழகிய 'கறுப்பாடு' இங்கு ஒவ்வாது. அதன் நிறம் அதனைக் காட்டிக்கொடுக்கும், மோலின் இயல்போ மறைந்திருத்தல். 'புல்லுருவி'யும் கண்ணுக்குத் தெரிவதே. 'பெருச்சாளி' வளை தோண்டும் என்பது உண்மை. ஆயினும் ஊழற்பொருள் அதனை முன்னரே பற்றிக்கொண்டது. அகராதிச் சொல்லான 'அகழெலி' செயற்கையாக ஒலிக்கும் என்பர். அதுவே அதன் தகுதி என்பது என் கருத்து. மூலத்திலும் இச்சொல் வாசகர்க்குப் புதிது. கதைமாந்தருள் ஒருத்தியின் நாட்குறிப்பு அதற்கு விளக்கம் தருகிறது. நாவலே கற்பிக்கும் சொல்லை நாம் முன்கூட்டியே எளிமையாக்கத் தேவையில்லை.

தலைப்பு ஒரு சிறுவர் பாடலினின்றும் எடுக்கப்பட்டது. ஐயத்துக்குரியோர்க்குத் தலைவர் அப்பாடலின் சொற்களையே மறைபெயர்களாக இடுகிறார். செக்கோஸ்லோவாகியாவுக்குச் சென்றவர் ஒற்றைச் சொல்லை மட்டும் அனுப்பினால் போதும். ஆகவே 'செய்லர்' விலக்கப்படுகிறது. அது 'டெய்லர்' என்பதோடு எதுகையாய் நின்று மயங்கும். 'தையற்காரர்', 'மாலுமி' எனப் பெயர்த்தால் விலக்கியதற்கான காரணமே இல்லாமற்போகும். நம் விளையாட்டுப் பாடல் ஒன்றை ஈடாக வைத்தால் இலண்டன் அதிகாரிகள் தஞ்சாவூர்ச் சிறுவராகிவிடுவர். கதை ஒலியைச் சார்ந்து நிற்பதால் இங்கு ஒலிபெயர்ப்பே முறை.

'கன்ட்ரோல்' எனப்படும் அத்தலைவர்க்கு நாவலில் இயற்பெயர் இல்லை. 'கட்டுப்பாடு சொன்னார்' என்பது திணைவழு. 'அரசு', 'குழவி' போன்றவை உயர்திணைப் பொருளில் நின்றும் அஃறிணை முடிபு கொள்ளும் என்னும் தொல்காப்பியக் கிளவியாக்கம் இங்கு வழிகாட்டுகிறது. 'தலைமை சொன்னது' என எழுதினால், பதவியாகவே மாறிவிட்ட ஒரு மனிதர் கிட்டுவார். ஆங்கிலத்துக்கு வாய்க்காத இவ்வசதியை ஒரு துணிவுள்ள மொழிபெயர்ப்பாளர் பயன்படுத்தலாம்.

ஆங்கிலப் படர்க்கைப் பெயர் மரியாதையை வேறுபடுத்தாது. தமிழ் வினைமுற்றோ ஒவ்வொரு வாக்கியத்திலும் ஒரு மதிப்பீட்டைக் கோருகிறது. ஐயத்துக்குரிய நால்வருள் ஒருவரை மட்டும் 'அவன்' என்றால் புலனாய்வு முதல் இயலிலேயே முடிந்துவிடும். பில் ஹேடன் பிடிபட்ட பின்னரும் இச்சிக்கல் தீர்வதில்லை. அங்கு 'அவர்' என்பதை 'அவன்' என மாற்றும் பெயர்ப்பாளர், மூல ஆசிரியர் வழங்காத தீர்ப்பொன்றை வழங்கிவிடுகிறார். தன் நண்பரும் தன் மனைவியின் காதலருமாகிய அம்மனிதரை வெறுப்பதா இரங்குவதா என்று ஸ்மைலியே தெளியாதிருக்கையில், விகுதி தெளிந்துவிடலாகாது.