பஸ்ஸின் கோப்பு எந்தக் கந்தோரில் இருக்கிறது?

2023 ஜனவரி 20ஆம் திகதி மாலை நானுஓயா ரதல்ல குறுக்கு வீதியில், கொழும்புப் பாடசாலை மாணவர்களை ஏற்றிவந்த பஸ் ஒரு வேனிலும் முச்சக்கரவண்டியிலும் மோதி 7 பேர் இறந்தார்கள். 2024 டிசம்பர் 21 அன்று ஹட்டன் மல்லியப்புவில் கண்டிக்குப் புறப்பட்ட தனியார் பஸ் புரண்டு மூவர் மாண்டார்கள். 2025 மே 11 அதிகாலை கொத்மலை கரண்டியெல்லவில் இ.போ.ச. பஸ் பள்ளத்தில் விழுந்து 20 பேருக்கு மேல் உயிரிழந்தார்கள். ஒவ்வொரு தடவையும் பேச்சு சாரதியின் தூக்கம், பிரேக், வளைவு என்றே போகிறது. அந்த வண்டியைப் பற்றி அரசாங்கத்தின் கோப்பில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்பவர் குறைவு. நட்டஈட்டு வழக்குக்குப் போகும்போதுதான் அதன் அருமை தெரியும்.

ஒரு தனியார் பஸ்ஸின் விபரம் ஒரே இடத்தில் கிடையாது. உரிமையாளர் யார் என்ற பதிவு மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் இருக்கிறது. வருடா வருடம் புதுப்பிக்கும் வருமான அனுமதிப்பத்திரத்தை மாகாண நிர்வாகம் பிரதேச செயலகங்களில் வழங்குகிறது. அதை எடுக்கக் காப்புறுதி, புகைப் பரிசோதனைச் சான்றிதழ் இரண்டும் வேண்டும். பஸ், லொறி என்றால் தகுதிச் சான்றிதழும் வேண்டும். இந்தக் கடைசிக் கடதாசியில்தான் எனக்கு நம்பிக்கை குறைவு. பரிசோதனைக்குக் காட்டிய டயர் அடுத்த மாதமும் அதே பஸ்ஸில் இருக்கும் என்பதற்கு அது உத்தரவாதமில்லை.

பெர்மிட் இன்னொரு கதை. மாகாணம் தாண்டும் பஸ்ஸுக்கு, 1991ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கச் சட்டப்படி அமைந்த தேசிய போக்குவரத்து ஆணைக்குழு பெர்மிட் கொடுக்கிறது. மாகாணத்துக்குள் ஓடினால் மத்திய மாகாண வீதிப் பயணிகள் போக்குவரத்து அதிகாரசபை. ஆகவே ஹட்டன் – கொழும்பு பஸ் ஓரிடம், ஹட்டன் – கண்டி பஸ் வேறிடம். நுவரெலியாவிலிருந்து பதுளைக்குப் போனாலும் ஊவா மாகாணத்துக்குள் நுழைவதால் ஆணைக்குழுதான். இது தெரியாமல் கொடுத்த முறைப்பாடு கந்தோர் கந்தோராக அலையும். ஆணைக்குழுவின் தொலைபேசி இலக்கம் 1955. கூடுதல் கட்டணம், பயணச்சீட்டு தராதது, அளவுக்கு மீறி ஆள் ஏற்றுவது எதுவானாலும் பஸ் இலக்கம், நேரம், இடம் மூன்றையும் சொல்லுங்கள். பயணச்சீட்டைக் கசக்கி எறியாதீர்கள். நீங்கள் அந்த பஸ்ஸில் இருந்ததற்கு அதுவும் ஒரு சாட்சி.

தோட்டத்தில் ஆபத்து பஸ்ஸோடு முடிவதில்லை. கொழுந்து லொறியிலும் டிராக்டர் பெட்டியிலும் மூட்டைகளுக்கு மேல் ஆட்கள் போவதை நாம் அன்றாடம் பார்க்கிறோம். கலியாணத்துக்கும் கோயிலுக்கும் பிடிக்கும் வேன் பலவேளை சொந்தப் பாவனைக்கென்று காப்புறுதி செய்தது. கூலிக்கு ஓடி விபத்தானால் நிறுவனம் கைவிரிக்கப் பார்க்கும். வாடகை பேசும்போதே காப்புறுதிப் பத்திரத்தைக் காட்டச் சொல்லுங்கள். சாரதி முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

வேலைக்குப் போகும்போதோ வேலை முடிந்து லயத்துக்குத் திரும்பும்போதோ விபத்து நேர்ந்தால், வீதி விபத்து வழக்கு ஒன்றே வழி என்று நினைக்க வேண்டாம். வேலையாள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்துக்கு 2022இல் செய்த திருத்தம் வீட்டுக்கும் வேலைத்தலத்துக்கும் இடையிலான பயணத்தையும் உள்ளடக்குகிறது. உச்சத் தொகையும் 20 இலட்சம் ரூபாவாக உயர்ந்தது. தோட்டத்துரை இதைத் தானாகச் சொல்வார் என்று காத்திருக்க முடியாது. தொழிற்சங்கத் தலைவரோ தொழில் திணைக்களமோ சொல்ல வேண்டியது இது.

விபத்தானால் முதலில் பொலிஸில் முறைப்பாட்டைப் பதியுங்கள். அதைத் தமிழில் கொடுக்க உங்களுக்கு உரிமை உண்டு. புரியாத மொழியில் எழுதியதற்குக் கையொப்பம் இடாதீர்கள். மொழி உரிமை மறுக்கப்பட்டால் அழைக்க வேண்டிய இலக்கம் 1956. தனிச் சிங்களச் சட்டம் வந்த ஆண்டையே இதற்கு இலக்கமாகத் தேர்ந்தவர் யாரோ! முறைப்பாட்டின் பிரதி, வைத்தியசாலை அட்டை, மருந்துக் கடைப் பற்றுச்சீட்டு எல்லாவற்றையும் ஒரே உறையில் வையுங்கள். சாரதி, உரிமையாளர் மீதான நட்டஈட்டு வழக்குக்குப் பொதுவாக இரண்டு வருடக் காலவரையறை உண்டு. மோதிவிட்டு ஓடிய வண்டியானால் தேசிய வீதிப் பாதுகாப்புச் சபையிடம் நட்டஈடு கேட்கலாம்.

பெர்மிட் செல்லுபடியானதா, தகுதிச் சான்றிதழ் எப்போது எடுத்தது, முந்தைய முறைப்பாடுகளுக்கு என்ன நடவடிக்கை என்பதைக் கேட்கத்தான் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் உரிமைச் சட்டம். உரிய கந்தோரின் தகவல் அலுவலரிடம் எழுத்தில் கேளுங்கள். தருவதா மறுப்பதா என்பதை அவர் 14 வேலை நாட்களுக்குள் தீர்மானிக்க வேண்டும். மறுத்தால் அங்கேயே குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு, அதற்கும் மசியாவிட்டால் தகவல் உரிமை ஆணைக்குழு. விபத்து நடக்கும்வரை பொறுக்கவும் தேவையில்லை. உங்கள் தோட்டத்துப் பிள்ளைகளைத் தினமும் பாடசாலைக்கு ஏற்றிப்போகும் பஸ்ஸைப் பற்றி, மாதர் சங்கமோ இளைஞர் கழகமோ இந்த மாதமே ஒரு விண்ணப்பம் எழுதட்டும்.